மாம்பழம் இல்லாத மாம்பழப் படம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. விரித்த வாழையிலை, அதன்மேல் பித்தளை டம்ளரில் தண்ணீர், ஒரு மூக்குக்கண்ணாடி, வெற்றிலைப் பெட்டி, முனை தேய்ந்த பிரஷ் ஒன்று. இவற்றுக்கு நடுவே சப்பிப் போட்ட மாங்கொட்டையும் இரண்டு மாம்பழத் தோல்களும். புதிதாக வருகிறவர்கள் முதலில் டம்ளரைப் பாராட்டுவார்கள். தண்ணீர் அப்படித் தளும்பும். பிறகு கொட்டையைப் பார்த்துவிட்டு, "இதை ஏன் போய் வரைஞ்சாங்க?" என்று கேட்பார்கள். வரைந்தவர் என் மாமனார். ஊருக்கெல்லாம் டிராயிங் மாஸ்டர், எனக்கு மாமா.

நான் கல்யாணமாகி அதியமான்கோட்டைக்கு வந்தபோது அவர் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். சாமி படமோ மனிதர் முகமோ வரைய மாட்டார். காய், கனி, பாத்திரம், இவ்வளவுதான். தை மாதம் மொச்சைக்காய், மாசியில் ஓடு உடைந்த புளி, வைகாசியில் மாம்பழம், ஐப்பசியில் சீத்தாப்பழம் என்று அந்தந்தப் பருவத்துக்கு ஒன்று. ஆனால் எந்தப் படத்திலும் ஏதாவது ஒன்று கெட்டுப்போயிருக்கும். பழத்தில் கறுப்புப் புள்ளி, இல்லாவிட்டால் ஓரமாக ஒரு ஈ. நான் உயிரியல் பாடம் நடத்துகிறவள், எதையும் ஏன் எதற்கு என்று கேட்காமல் விடமாட்டேன். கேட்டதும் வெளிநாட்டு ஓவியங்கள் நிறைந்த பழைய புத்தகம் ஒன்றை எடுத்து வந்து காட்டினார். ஒன்றில் மண்டையோடு, ஒன்றில் எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்தி, இன்னொன்றில் பாதி உரித்த எலுமிச்சை. எல்லாமே, நீயும் ஒருநாள் போகப்போகிறவன்தான் என்று சொல்கின்றனவாம். "அவங்க ஊர்ல மண்டையோடு வெச்சாங்க. நமக்கு எதுக்கும்மா அது? சீத்தாப்பழம் போதும். காலையில கல்லாட்டம் இருக்கும், சாயந்திரம் தொட்டா வெரல் உள்ள போயிடும்" என்றார்.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இந்தத் தத்துவம் எதுவும் பிடிக்காது. "திங்கற பண்டத்துல ஈ மொய்க்க விட்டு வேடிக்கை பாக்கற ஆம்பளைய நான் எங்கியும் பாத்ததில்ல" என்று முணுமுணுத்தபடியே கூட்டிப் பெருக்குவார்.

ஒரு வைகாசியில் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. சேலத்தில் பார்த்துவிட்டு, உடனே இருதய ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் ஜன்னலோரம் முக்காலி போட்டு, அதன்மேல் இலை விரித்து, தன் கண்ணாடி, பெட்டி, பிரஷ், டம்ளர் எல்லாவற்றையும் அடுக்கி, நடுவில் பெரிய மல்கோவா ஒன்றை வைத்தார். எனக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை. கோயிலில் வேண்டிக்கொண்டு திரும்பிய அத்தை, வாசல்படியிலேயே நின்றுவிட்டார். செத்துப்போனவருக்குப் பிடித்ததை இலையில் வைத்து, பக்கத்தில் தண்ணீரும் வைத்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். உயிரோடு இருப்பவருக்கு விளையாட்டாகக்கூட யாரும் அப்படி வைக்க மாட்டார்கள்.

"ஏங்க, உசுரோட இருக்கறப்பவே உங்களுக்கு நீங்களே படையல் போட்டுக்கறீங்களா?"

"செவப்புக்குப் பச்சை எடுப்பா இருக்கும்னு எலையப் போட்டேன். அவ்வளவுதான்" என்றார் மாமா. அத்தை நம்பவில்லை. மல்கோவா ஒன்றும் அப்படிச் சிவப்பாக இல்லை என்பதால் நானும் முழுசாக நம்பவில்லை. கண்ணாடியையும் வெற்றிலைப் பெட்டியையும் எந்தச் சிவப்புக்காக வைத்தார் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அத்தை இலையைத் தொடவில்லை. பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அரிவாள்மனையில் கொட்டைக்கு இருபுறமும் இரண்டு கன்னமாக அறுத்து, கொட்டையோடு கொண்டு வந்து ஒன்றை மாமா கையில் திணித்தார். "தின்னுங்க. செத்தவங்களுக்கு வெச்ச பழம் வெச்ச எடத்துல அப்படியே இருக்கும். நீங்க தின்னுங்க, நான் கண்ணால பாக்கணும்" என்று எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா மட்டும் முழங்கைவரை சாறு வழியச் சிரித்துக்கொண்டே தின்றார். "கொட்டையையும் சப்புங்க" என்று உத்தரவு வந்தது, சப்பினார். மற்ற கன்னத்தை அத்தை கோபத்தோடு தானே தின்றார். தோல்களையும் கொட்டையையும் குப்பையில் போடப் போனவரைத் தடுத்து, வாங்கி இலையில் வைத்து, எறும்பு வருமுன் மாமா வரைந்து முடித்தார். மறுநாள் சேலத்துக்குப் போனார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகும் பல வருஷம் மாம்பழம் தின்றுவிட்டு, போன கார்த்திகையில்தான் தூக்கத்திலேயே போனார்.

அந்தத் தோல்கள் என்னை விடவில்லை. ஒன்று வெளுக்கும்வரை சுரண்டித் தின்னப்பட்டிருக்கும். மற்றதில் மஞ்சள் சதை தடிமனாக ஒட்டியிருக்கும். ஒன்று வாழ்ந்து முடித்த காலம், மற்றது மிச்சம் இருந்த காலம் என்று நானாக முடிவு கட்டினேன். மாமாவிடம் சொன்னபோது, "டீச்சரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்து மழுப்பிவிட்டார். அன்றிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த வைகாசியில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். அவரிடமும் விளக்கினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அத்தை தலை தூக்காமலே சொன்னார்: "காலமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சதை ஒட்டிக்கிட்டு இருக்கறது நான் தின்ன தோலு. அப்பவே எனக்கு முன்பல்லு கெடையாது."

டீச்சர் சிரித்துவிட்டார், எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து ஓய்ந்ததும் கேட்டேன். "அன்னைக்கு அவ்வளவு பயந்துட்டீங்களா அத்தை?"

"பயம் இல்லாம இருக்குமா? ஆனா கோவம் அதுக்கு வரல" என்றார். முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். "கண்ணாடிய வெச்சாரு, பொட்டிய வெச்சாரு, பிரஷ்ஷ வெச்சாரு. தான் போறதுக்கு எல்லாம் எடுத்து வெச்ச மனுசன், என்னுதுன்னு ஒரு வளையலாச்சும் வெச்சாரா? இத்தன வருசம் பொங்கிப் போட்டவ அந்த எலையில எங்க இருக்கறேன்? அதான் பழத்த ரெண்டா அறுத்தேன்."