கையில் செருப்போடு அப்பா

நாங்கள் ஆறு பேர், எல்லோருக்கும் இருபதை ஒட்டிய வயது. வெள்ளவத்தையில் ஒரு சிநேகிதியின் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் கூடிப் படம் வரைவோம். வரைந்ததைவிடக் கதைத்ததுதான் அதிகம். நாடு முழுக்க யுத்தம் நடந்துகொண்டிருக்க, எங்களுக்கோ எங்களை விட்டால் ஓவியத்துக்கு ஆளில்லை என்ற நினைப்பு.

ஒரு சின்ன மண்டபத்தில் ஒரு ஞாயிறு நடத்திய முதல் கண்காட்சிக்கு ஒரு விதி வைத்தோம். பாதிப் படங்கள் எங்கள் கனவுகள், பாதி கொழும்பில் கண்ணால் கண்டவை. எது கனவு, எது நடந்தது என்று சுவரில் எழுதுவதில்லை. யார் கேட்டாலும் சொல்வதுமில்லை. பார்க்கிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும் என்று ஒரே சிரிப்பு.

என்னுடையது கனவு. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் இருந்த சோதனைச் சாவடி. பஸ்ஸிலிருந்து இறக்கிய ஆண்களை வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். கடைசி ஆள் அப்பா. வெறுங்காலோடு, சோதனைக்குக் கழற்றச் சொன்ன செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கடந்து போகும் இன்னொரு பஸ்ஸின் ஜன்னலில் நான், ஃபைலால் முகத்தை மறைத்தபடி. கனவில் எனக்கு வந்தது பயம்கூட இல்லை, வெட்கம். அவர் என் அப்பா என்று பக்கத்து சீட்டுக்காரிக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்ற வெட்கம். விழித்ததும் அழுதேன். அழுது முடித்ததும், நல்ல படமொன்று கிடைத்ததென்று சந்தோஷப்பட்டேன். அவ்வளவுதான் என் புத்தி.

அப்பா வரமாட்டார் என்றே நினைத்திருந்தேன். புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை செய்தவர், ஞாயிற்றுக்கிழமை வீட்டைவிட்டு அசையமாட்டார். ஆனால் வந்தார். கலியாண வீட்டுக்குப் போடும் வெள்ளைச் சட்டை, கையில் எங்கள் எல்லோருக்கும் சாப்பிட ஒரு பார்சல் ரோல்ஸ். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்து வந்து, என் படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

எங்கள் கூட்டத்தில் வாயாடியான ஒருத்தி ஓடிவந்தாள். "அங்கிள், சொல்லுங்கோ பாப்பம், இது கனவோ, நடந்ததோ?"

"நடந்தது" என்றார் அப்பா.

அவள் சிரித்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டாள். அப்பா என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தி, "அண்டைக்கு அந்த பஸ்ஸிலை நீயும் இருந்தனியோ, பிள்ளை?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சில மாதங்களுக்கு முன்பு ஒரு மாலை அப்பா வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தார், செருப்பு கையில். வார் அறுந்துவிட்டது என்றார். மறுநாள் காலை அதே செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனார். நான் பார்த்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. கனவு எங்கிருந்து வந்தது என்பது அந்த நிமிஷத்தில்தான் விளங்கியது.

"இல்லை அப்பா! சத்தியமா கனவு. நான் அந்த பஸ்ஸிலை இல்லை." விதியாவது மண்ணாவது, எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன்.

"ஓம், ஓம்" என்று என் தோளைத் தட்டினார். "நீ செய்தது சரி. இறங்கி வந்திருந்தா உன்னையும் மறிச்சிருப்பாங்கள்."

செய்யாத ஒன்றுக்கு என்னை மன்னித்துக்கொண்டிருந்தார். கனவிலே என்றாலும் முகத்தை மறைத்தவள் நான்தானே? அதை வரைந்து, சட்டம் போட்டு, ஊரைக் கூட்டிச் சுவரில் மாட்டியவளும் நான்தான். நிலம் பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

பின்னேரம் ஆட்கள் கூடினார்கள். கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு அடுத்த வீட்டு அன்ரியும் வந்திருந்தா. படத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது நீங்கள்தானே?" என்று கேட்டா.

"சீச்சீ, இது பிள்ளை கண்ட கனவு" என்று அப்பா அவவிடம் ரோல்ஸ் தட்டை நீட்டினார்.

அதன் பிறகு யார் வந்து கேட்டாலும் அதையே சொன்னார். கனவு, வெறும் கனவு. அந்த மண்டபத்தில் அதை நம்பாதவர் அவர் ஒருவர்தான்.