உறுதியா என்று கேட்கும் வரி

உறுவையாற்றில் எங்கள் தெருவுக்கு நான் மெமரி கார்டு ரிப்பேர் பார்க்கிறவள். இந்தப் பட்டத்தை எனக்கு நானே வாங்கிக்கொண்டேன். பெங்களூர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆகி ஊருக்குத் திரும்பிய புதிதில், பால் பாக்கெட் வாங்கப் போன இடத்தில், "வூட்லயே குந்திகினு இன்னாதான் வேல பண்ற?" என்று கேட்டார்கள். மெஷினுக்குள் இருக்கும் மெமரி சிப்பை அந்த மெஷினே அடையாளம் கண்டுகொள்ளும்படி செய்வது என் வேலை என்று சொல்லித் தொலைத்தேன். அதில் மெமரி மட்டும் தெருவுக்குள் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரமே காதுகுத்து போட்டோ எதுவும் தெரியவில்லை என்று ஒரு பென் டிரைவ் வந்தது. அதன் பிறகு பாட்டு ஏற்றித் தரச் சொல்லி ஒரு கார்டு, மாட்டு வயிற்றுக்குள் போய்த் திரும்பி வந்தது போல ஒரு கார்டு, எதற்கென்று கொண்டு வந்தவருக்கே தெரியாத ஒரு கார்டு. வில்லியனூர் மார்க்கெட்டில் வரிசையாக செல்போன் கடை இருக்கிறதே, அங்கே போங்கள் என்றால், "அவன் நமக்கு யாரு? நீ நம்ம பொண்ணாச்சே" என்பார்கள். வாங்கி மேஜைமேல் வைப்பேன்.

என் உண்மையான வேலை இதைவிட எரிச்சலானது. எந்த மெஷினிலும் முதலில் எழுந்து மற்ற எல்லாவற்றையும் எழுப்பிவிடுகிற நிரலுக்குக் கர்னல் என்று பெயர். எதிரே இருக்கும் சிப்போடு எப்படிப் பேச வேண்டும் என்று கர்னலுக்குச் சொல்லித் தருவது டிரைவர். நான் பார்த்துக்கொண்டிருந்தது மீன் வண்டிகளில் மாட்டுகிற ஒரு சின்னப் பெட்டி. வழியெல்லாம் குளிர் எவ்வளவு இருந்தது என்று அது குறித்துக்கொண்டே போகும். கரண்ட் போனாலும் குறித்தது அழியாமல் வைத்துக்கொள்ள உள்ளே ஒரு ஃபிளாஷ் சிப் உண்டு. வழக்கமாக வாங்கும் சிப் கிடைக்கவில்லை என்று கம்பெனியில் வேறொன்றை வாங்கிப் பொருத்திவிட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. பெட்டியின் போர்டு கூரியரில் வந்தது, பின்னாலேயே மேனேஜரின் போன் வந்தது.

"ஒரு சிப்புதானேம்மா மாறியிருக்கு? ஒரு லைன் மாத்தினா போதாதா?"

ஒரு லைன்தான். அது எந்த லைன் என்பதுதான் தெரியாது. கர்னலைக் கட்டுவதற்கு முன் ஆயிரக்கணக்கான கேள்விகள் வரும். ஒவ்வொன்றுக்கும் சேர், சேர்க்காதே, தனிக் கோப்பாக வை என்று மூன்று பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபிளாஷ் சிப்புக்கு ஒரு பக்கம் எவ்வளவு பெரியது, பிழை வந்தால் யார் திருத்துவது, எந்தெந்தப் பகுதி கெட்டுப்போனது என்றெல்லாம் சொல்ல வேண்டும். கெட்ட பகுதிகள் தொழிற்சாலையிலிருந்தே வரும். கடையில் கத்தரிக்காய் வாங்கினால் சொத்தையைத் திருப்பிக் கொடுக்கலாம். இதில் சொத்தையோடுதான் வாங்க வேண்டும், எது சொத்தை என்று குறித்தும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பதிலை மாற்றினால் மறுபடி கட்ட அரைமணி நேரம். கட்டியதை மெமரி கார்டில் எழுதி, கார்டைப் போர்டில் சொருகி, கரண்ட் கொடுத்தால், கோப்புகள் இருக்கும் இடம் தெரியவில்லை என்று ஒரு வரி காட்டிவிட்டுப் போர்டு நின்றுவிடும். நாலு நாள் இதே கதை.

நாலாவது நாள் வெள்ளிக்கிழமை. எதிர் வீட்டு அக்கா கையில் சின்னக் காகிதப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். பொட்டலத்துக்குள் என்ன இருக்கும் என்று பார்க்காமலே தெரிந்தது.

"அக்கா, சத்தியமா இன்னைக்கு முடியாது."

"இன்னா பாப்பா, இன்னும் நான் வாயே தொறக்கல."

அவளுடைய வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். பகலில் டிராக்டர் ஓட்டுவார். காணும் பொங்கல் வந்தால் வில்லியனூர்ப் பக்கத்துக் கபடிப் போட்டி எல்லாவற்றிலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். ஆட்டக்காரரை விட்டுவிட்டு ஜனங்கள் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். ஆடி மாதத்தில் ஒரு நாள் காலையில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. கை கொஞ்சம் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் காற்று வரும். அதனால் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் எதைச் செய்யச் சொன்னாலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாராம்.

"அவுரு பழையபடி பேசனது எதாச்சும் கீதான்னு அந்தம்மா கேட்டுச்சு. அவுரு கொரல அவுரே கேட்டா மனசு எறங்கி வருவாராம். திங்கக்கெழம எட்தாரச் சொல்லிச்சு. இதுல கபடி மைக்கு பேசனது பூரா கீது. போன்ல போட்டா அழிச்சிடவான்னு கேக்குது பாப்பா, பயமா கீது."

வேறு எந்தக் கார்டாக இருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பேன். இதை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். வேறு எங்கும் இதற்கு நகல் இல்லை என்று அவள் சொன்னதும் நன்றாக நினைவிருக்கிறது.

என் கார்டு ரீடரில் இரண்டு துளைகள். ஒன்றில், கர்னலை எழுதிப் போர்டில் போடுகிற வேலைக் கார்டு எப்போதும் இருக்கும். இன்னொன்றில் மாமாவின் கார்டைச் சொருகினேன். கெட்டுப்போன கார்டு கையில் வந்தால் முதலில் அப்படியே முழு நகல் எடுக்க வேண்டும், அதன் பிறகுதான் மற்றதெல்லாம். இது எனக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் நகல் எடுக்க ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை போர்டு வேலை நிற்கும். இந்த ஒரு கர்னலை மட்டும் சோதித்துவிட்டு எடுக்கலாம் என்று தள்ளிப்போட்டேன்.

கட்டிய கர்னலைக் கார்டில் எழுத ஒரே வார்த்தையில் ஒரு கட்டளை வைத்திருந்தேன். முதலில் வந்த கார்டுக்கு என் கம்ப்யூட்டர் 'பி' என்று பெயர் வைக்கும், அடுத்ததற்கு 'சி'. வேலைக் கார்டு எப்போதும் முதல் என்பதால் கட்டளைக்குள் 'பி' என்றே எழுதிவிட்டேன். எழுதுவதற்கு முன் "உறுதியா?" என்று கேட்கும் ஒரு வரியும் அதில் இருந்தது. மூன்றாம் நாள், ஒரு மத்தியானத்துக்குள் இருபது தடவை அது அதே கேள்வியைக் கேட்டதில் எரிச்சலாகி, அந்த வரியை நானே எடுத்துப் போட்டிருந்தேன். யார் சொல்லியும் இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணி வாக்கில் எங்கள் ஊர்க் கரண்ட் ஒரு கண் சிமிட்டு சிமிட்டியது. லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்கு பேட்டரி உண்டு. சுவர்க் கரண்டில் ஓடும் கார்டு ரீடர் அணைந்து மறுபடி எழுந்தது. எழுந்தபோது மாமாவின் கார்டு முந்திக்கொண்டது. இப்போது அதுதான் 'பி'. நான் கவனிக்கவில்லை. கர்னல் கட்டி முடிந்தது, கட்டளையை அடித்தேன், ஒன்றும் கேட்காமல் எழுதி முடித்தது.

வேலைக் கார்டைப் போர்டில் போட்டால் பழைய கர்னலே எழுந்தது. எழுதவில்லை போலிருக்கிறது என்று திட்டிக்கொண்டே மறுபடி சொருகி, மறுபடி அடித்தேன். மறுபடியும் பழையது. மூன்றாவது தடவை அடிக்கப் போகும்போதுதான் திரையில் மாமாவின் கார்டுக்கு எதிரே 'பி' என்று இருந்ததைப் பார்த்தேன்.

கார்டைப் பிடுங்கினேன். பிடுங்கி என்ன பயன்? மீன் வண்டிப் பெட்டியின் கர்னலை அவருடைய தொண்டையின் மேல் இரண்டு தடவை எழுதியிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் போன் செய்தார். "என்னம்மா, ஆயிடுச்சா?" என்றார். எது ஆயிற்று என்று சொல்லாமல், ஆயிடுச்சு சார் என்றுவிட்டு வைத்தேன். அவர் சந்தோஷப்பட்டிருப்பார்.

சனிக்கிழமை முழுக்கத் தோண்டினேன். நான் எழுதியது கார்டின் முன்பகுதியில் மட்டும். பின்னால் இருப்பது அப்படியே இருக்கும், பெயர்கள்தான் போயிருக்கும். ஒவ்வொரு கோப்பும் தொடங்கும் இடத்தில் ஓர் அடையாளம் இருக்கும். அதைத் தேடித் தேடி எடுக்கும் நிரலை ஓடவிட்டேன். கார்டு வாங்கிய அன்றே மாமா கபடி வீடியோக்களை முதலில் ஏற்றியிருக்கிறார். அவை எல்லாம் முன்னால் இருந்தன. ஒன்றுகூட உயிரோடு வரவில்லை. பின்னால் கிடைத்தது வெறும் போன் பேச்சு. எந்தக் கடைக்காரரோ போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும்படி போட்டுக் கொடுத்திருக்கிறார். அது மாமாவுக்கே தெரிந்திருக்காது. நூற்றுக்கு மேல் இருந்தன. முக்கால்வாசி அக்காவுக்குப் போட்டவை.

இடையில் போர்டு வேலையும் முடிந்துபோனது. ஃபிளாஷ் டிரைவரைத் தனிக் கோப்பாக வை என்று நான் பதில் சொல்லியிருந்தேன். அந்தக் கோப்பு போய் உட்கார்ந்தது ஃபிளாஷுக்குள்ளேயே. ஃபிளாஷைப் படிக்க டிரைவர் வேண்டும், டிரைவரை எடுக்க ஃபிளாஷைப் படிக்க வேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு நாலு நாள் சிப்பைத் திட்டியிருக்கிறேன். பதிலை மாற்றினேன், போர்டு எழுந்தது. எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். கார்டே கெட்டுப் போயிருந்தது அக்கா என்று சொன்னால் அவள் நம்பியிருப்பாள். அந்த வாக்கியத்தைத் தெருவைக் கடக்கும்வரை வாயில் வைத்திருந்தேன். உள்ளே மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் லேப்டாப்பையே பார்த்தார். பார்த்த பிறகு பொய் வரவில்லை.

"அக்கா, நான் தப்பு பண்ணிட்டேன். என் வேலைய உன் கார்டு மேல எழுதிட்டேன். மைக்ல பேசினது எல்லாம் போயிடுச்சு."

அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். துடைப்பது நிற்கவே இல்லை.

"பூராவுமா?"

"போன்ல உன்கிட்ட பேசினது மட்டும் இருக்கு."

மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மன்னித்துவிடுங்கள் மாமா என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஒரு திட்டு திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். திட்ட முடியாத மனுஷனிடம் போய் இதைச் செய்திருக்கிறேன்.

"செரி, கீறதப் போடு," என்றாள் அக்கா.

போட்டேன். அறைக்குள் அந்தக் குரல் வந்தது.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? மோட்டார் ஓடிகினே கீது, தண்ணி ரோட்டுல போவுது! கண்ணு தெரியல உனுக்கு?"

"ம்," என்றது பதிவில் அக்காவின் குரல்.

"இன்னா ம்மு? போயி ஆஃப் பண்ணு!"

"ம்."

அடுத்ததைப் போட்டேன். குழம்பில் உப்பு. அதற்கும் ம். அடுத்தது, ரேஷன் கார்டை எங்கே வைத்தாய். ம். மாமாவின் தோள் குறுகிக்கொண்டே போனது. தான் இப்படிப் பேசினோம் என்பது அவருக்கே பிடிக்கவில்லை போலிருந்தது. நிறுத்திவிடலாம் என்று கையை வைத்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"மோட்டாரு யாருயா போட்டது?" என்றாள், லேப்டாப்பைப் பார்த்து. "நீ போட்டுட்டு நீ கெளம்பிப் பூட்ட. நானா போட்டேன்? நான் நடவுல நிக்கிறேன், முட்டிங்கால் சேத்துல, அங்க போன் போட்டு என்ன கேக்குற!"

பிறகு லேப்டாப்பை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"உப்பு அதிகமா போட்டது உங்கொக்கா. அன்னிக்கி அவதான் சமைச்சா. உங்கொக்கான்னா வாயத் தொறக்க மாட்ட, எனுக்குன்னா மைக்கு புடிச்சாப்ல கத்துவ. ரேஷன் கார்டு உன் சட்டப் பையில இருந்துச்சி. தொவைக்கும்போது நான்தான் எட்தேன். சொன்னனா? சொல்லல. சொன்னா அதுக்கும் கத்துவ."

குரல் ஏறிக்கொண்டே போனது. கண்ணில் தண்ணீர், இடுப்பில் கை. இத்தனை வருஷத்துப் பதிலையும் வரிசைப்படுத்தி வைத்திருந்திருக்கிறாள். மாமா மெதுவாகச் சுவரை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"ம்," என்று ஒரு சத்தம் வந்தது.

பதிவு ஓடுகிறது என்று நினைத்துத் திரையைப் பார்த்தேன். ஓடவில்லை.

அக்காவுக்குக் கேட்கவில்லை. "இன்னும் கீது, கேளு," என்று அடுத்ததற்குப் போனாள். நெல் போர் அடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்ட கதை, தம்பி கல்யாணத்துக்குத் தனியாக பஸ் ஏறிப் போன கதை. மறுபடி மூச்சுக்கு நிறுத்தினாள்.

"ம்."

இந்த முறை கேட்டது. வாயில் அடுத்த வார்த்தையோடு அப்படியே நின்றாள். பிறகு அவர் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அவர் வாய்க்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"இன்னாய்யா சொன்ன?"

அவர் மறுபடியும் சொன்னார்.