மச்சானுக்கு வாங்கிய பிடில்

என் அக்காவைக் கட்டிய மச்சான் சுத்தக்காரர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிவிட்டு மலையிலிருந்து இறங்கினால் தண்ணீர் விழும் பீலிக்கரையில் பாதிக் கட்டி சவுக்காரம் கரையும். சோற்றில் கை வைக்கும்முன் மறுபடியும் கழுவுவார். "பங்களாவுல பொறக்க வேண்டிய ஆளு, வழி தவறி கூலி லயத்துக்கு வந்துட்டாரு" என்று நான் கிண்டல் செய்வேன்.

அவருக்குப் போய் பிடில் ஆசை வந்தது. அட்டனில் ஒரு தேத்தண்ணிக் கடை ரேடியோவில் கேட்டாராம், தேத்தண்ணி ஆறும்வரை நின்றாராம். டிக்கோயா ரோட்டில் ஒரு வாத்தியார் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்தார். "ஒரு எடந்தான் இருக்கு. இந்த ஞாயித்துக்கெழம இருட்டுறதுக்குள்ள சொந்தப் பிடிலோட வந்தா ஒனக்கு. இல்லேன்னா கணக்கப்புள்ள மகனுக்கு" என்று சொல்லிவிட்டார்.

வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேறிய காலம் அது. அவர்கள் விட்டுப்போன கட்டில், கண்ணாடி, நாய்ச் சங்கிலி எல்லாம் அட்டனில் ஒரு பழைய சாமான் கடைக்கு வந்து சேரும். ஞாயிறு மத்தியானம் அங்கே போனோம். இரண்டு பிடில் இருந்தன. ஒன்று புதுசு, மிட்டாய் நிறம். விலையைக் கேட்டதும் மச்சான் அதைத் தொடாமலே பின்னால் நகர்ந்தார். மற்றது ஒரு துரையுடையது. பெட்டியைத் திறந்ததும் மூக்கில் அடித்தது. ஈரக் கம்பளி, பூஞ்சணம், அதற்கும் அடியில் செத்த வாடை. தாடை வைக்கும் இடத்தில் பழைய வியர்வை கறுப்பாகத் திரண்டு, அதில் ஒரு செம்பட்டை மயிர் ஒட்டியிருந்தது.

"தாடைய வைங்க மச்சான். துரையோட அழுக்கு ஒட்டுனா இங்கிலீஸ் தானா வரும்."

"சும்மா இரு மாப்ள. கொமட்டுது."

தேங்காயை ஆட்டிப் பார்ப்பதுபோல் நான் அதைக் காதருகே வைத்து ஆட்டினேன். உள்ளே கடகடவென்றது.

"சத்தத்துக்காக உள்ள போட்டிருக்காங்க தம்பி. சீமச் சாமான்" என்றார் முதலாளி.

வாசலுக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்து உதறினேன். வயிற்றில் இருந்த ஓட்டை வழியாகக் கரப்பான் இறக்கை, எலிப் புழுக்கை, பஞ்சு, கருவாடாய்க் காய்ந்த ஒரு எலிக்குஞ்சு, கடைசியில் விரல் நீளத்துக்கு ஒரு குச்சி, எல்லாம் விழுந்தன. மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு மொத்தத்தையும் செருப்பால் ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் தள்ளினார்.

எலிக்குஞ்சைக் காட்டிப் பேரம் பேசினேன். "பிடிலுக்குத்தான் காசு தருவோம் மொதலாளி, எழவு வீட்டுக்குத் தரமாட்டோம்" என்றேன். கடையில் வேறு ஆட்கள் நின்றதால் அவர் சட்டென்று பாதி விலைக்கு இறங்கினார். நல்ல கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தபடி நேரே வாத்தியாரிடம் போனோம்.

அவர் கம்பியைச் சுண்டினார். தகர டப்பா சத்தம். ஓட்டை வழியாக உள்ளே பார்த்தார்.

"உள்ள ஒரு குச்சி நிக்கணுமே. எங்க?"

மச்சான் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"அது இல்லாட்டி இது வெறும் வெறகு. அந்தக் குச்சியோட வா. இருட்டுறவரைக்கும் இருப்பேன்."

திரும்பி ஓடினோம். தூறல் பிடித்துக் கான் ஓட ஆரம்பித்திருந்தது. மீன் கடைத் தண்ணீர், இறைச்சிக் கடைத் தண்ணீர், சலூன்காரர் கூட்டித் தள்ளிய மயிர், எல்லாம் அதில்தான். தண்ணீர் ஓட்டத்தோடு கீழே போனோம். ரோட்டுக்கு அடியில் கான் நுழையும் இடத்தில் இருந்த இரும்புக் கம்பியில் எல்லாம் அடைத்து, நுரைத்து நின்றது.

"உள்ள கைய வுடு மாப்ள."

"பிடில் படிக்கப்போற கை எது? அந்தக் கைய வுடுங்க."

சும்மா சீண்டத்தான் சொன்னேன். மச்சான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். இருட்டிக்கொண்டு வந்தது. சட்டைக் கையைச் சுருட்டவில்லை, முழங்கைவரை அப்படியே உள்ளே விட்டார். மீன் குடலை அள்ளி அள்ளிக் கரையில் போட்டு, ஒவ்வொரு பிடியையும் விரலால் பிரித்தார். நாற்றத்தில் நான் இரண்டு முறை ஓங்கரித்தேன். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, முகம் சிவக்கச் சிவக்கத் தேடினார். கடைசியில் மயிர்ச் சுருளுக்குள் இருந்து குச்சியை உருவி எடுத்து, சலவைச் சட்டையின் நெஞ்சிலேயே துடைத்தார்.

வாத்தியார் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். குச்சியை வாங்கியவர் மூக்கருகே கொண்டுபோனார்.

"மோந்து பாக்காதீங்க ஐயா" என்றேன். அதற்குள் மோந்துவிட்டார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

வளைந்த கம்பி ஒன்றால் அதை உள்ளே நிறுத்த வெகு நேரம் எடுத்தார். பிறகு பிடில் கம்பியைச் சுண்டினார். அறை முழுதும் கேட்டது.

"அடுத்த ஞாயித்துக்கெழம வா. இன்னிக்கி ரெண்டு பேரும் மொதல்ல வெளிய போங்க."

பஸ்ஸில் கண்டக்டர் எங்களைக் கடைசி சீட்டுக்குத் துரத்தினார். முன்சீட்டில் இருந்த பொம்பளைகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மச்சான் எதையும் கவனிக்கவில்லை. நாறுகிற கையோடு, மடியில் இருந்த பெட்டியை லேசாகத் திறந்து உள்ளே பார்த்தபடியே வந்தார்.