சால்மன் சோற்றின் முதல் கவளம்

காலைத் தேநீர் கடைவாயில் வழிந்து சட்டையை நனைத்தது. என் கணவருக்கு அது தெரியவில்லை. "துடைச்சுக்கங்க" என்றேன். வலக்கையைத் தூக்கப் பார்த்தார். அது மடியிலேயே கிடந்தது. மதியத்துக்குள் மதுரை மருத்துவமனையில் இருந்தோம். பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடுதல்) என்றார்கள்.

அவர் பெயர் சிக்கந்தர். சிங்கப்பூரில் ஒரு கொரிய உணவகத்தில் பதினோரு வருடம் சமையல்காரராக இருந்தவர். காரைக்குடிக்குத் திரும்பி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

கையும் காலும் மெல்லத் தேறின. தொண்டை தேறவில்லை. டிஸ்பேஜியா (விழுங்குவதில் சிரமம்) என்று மருத்துவர் எழுதினார். உணவு செலுத்த மூக்கில் போட்ட குழாயை எடுத்த பிறகும் கெட்டியான கூழ் மட்டும்தான். வெறும் தண்ணீர் கூடாது என்றார்கள்.

வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள், "ஒரு வாய் தண்ணி குடு ஜமீலா" என்று கெஞ்சினார். அரை டம்ளர் கொடுத்தேன். அவர் இருமக்கூட இல்லை. இரண்டு நாளில் காய்ச்சல், மூச்சிரைப்பு. ஆஸ்பிரேஷன் நிமோனியா (உணவோ நீரோ மூச்சுக்குழாய் வழியே இறங்கி நுரையீரலில் உண்டாக்கும் தொற்று). மறுபடியும் ஒன்பது நாள் மருத்துவமனை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், இருமல் வராததை வைத்து, சரியாக இறங்கிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். மருத்துவர் இதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். என் காதில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு கரண்டியைச் சாய்த்து, கூழ் வழியவில்லை என்று பார்த்த பிறகே அவருக்கு ஊட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து, அவர் விழுங்குவதை எக்ஸ்ரேயில் படமெடுத்துப் பார்த்தார்கள். விழுங்கும் பயிற்சி தரும் பெண், "மசிச்ச சோறு, மிருதுவான மீன் குடுக்கலாம்மா. குழம்பு தனியா ஓடக்கூடாது. முள்ளு இருக்கவே கூடாது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் குழறலாகச் சொன்னார்: "சால்மன் சோறு. நான் சொல்றேன், நீ செய்யி." சிங்கப்பூர் உணவகத்தில் அவர் செய்துவந்த மீன் சோறு அது.

"கூழே இருக்கட்டுமே. எனக்குப் பயமா இருக்குங்க."

"எனக்கும்தான்" என்றார்.

மீன்கடையில் சொல்லிவைத்து உறைந்த சால்மன் துண்டு வரவழைத்தேன். சீரகச்சம்பா உதிரியாக வரும் என்பதால் பொன்னி அரிசியைக் குழைய வேகவைத்தேன். மீனின் தோலை உரித்து, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தேன். விரலால் மூன்று தடவை தடவிப் பார்த்தேன். முள் இல்லை.

"இங்குட்டுக் கொண்டா" என்று தட்டை வாங்கி, இடது கையின் நடுவிரலை மீனின் மேல் மெல்ல ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இந்தா இருக்கு."

இடுக்கியால் எடுத்தேன். தலைமுடி அளவு முள். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். "நான் செய்ய மாட்டேங்க. போதும்."

"பாத்தாச்சுல்ல. இனிமே இல்ல" என்றார். சொன்ன பிறகும் முழுத் துண்டையும் மறுபடி தடவினார். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. எழுந்து அடுப்பைப் பற்றவைத்து மீனை வேகவைத்தேன்.

சோயா சாஸ், தேன், இஞ்சிச்சாறு, பூண்டு விழுது. கொரிய மிளகாய் விழுது கரண்டி நுனியளவு மட்டும். காரம் இருமலைக் கிளப்பும். கரண்டியில் ஒட்டும்வரை வற்றவிட்டு, வெந்த மீன் மேல் ஊற்றினேன். பளபளவென்று பூசிக்கொண்டது. வழக்கமாகத் தூவும் எள்ளையும் வெள்ளரித் துண்டுகளையும் விட்டுவிட்டோம். மீனை உதிர்த்துச் சோற்றோடு பிசைந்தேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தார். பயிற்சியில் சொன்னபடி முகவாயை நெஞ்சை நோக்கித் தாழ்த்தினார். அரைக் கரண்டி. மென்றார். குரல்வளை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆ சொல்லுங்க." தொண்டையில் ஏதாவது தங்கியிருந்தால் குரல் ஈரமாகக் கரகரக்கும்; அதைக் கேட்க வேண்டும்.

"ஆ" என்றார். தெளிவாக இருந்தது.

ஏழாவது கரண்டியில் இருமினார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். இருமி முடித்து, கண்ணைத் துடைத்து, "உப்புக் கம்மி" என்றார். நான் அழுதேன்.

மூன்று நாள் காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்தேன். வரவில்லை. நான்காம் நாளும் பார்த்தேன்.

இப்போது எங்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு ஒரு மணி நேரம் ஆகிறது. தனியாகத் தண்ணீர் குடிக்கும்போதுகூட நான் முகவாயைத் தாழ்த்திக்கொள்கிறேன். தொண்டைக்குள் ஏதோ மூடித் திறக்கிறது. நாற்பத்தாறு வருடம் எனக்குத் தெரியாமலே நடந்த வேலை அது. இன்று ஒவ்வொரு மடக்குக்கும், அது முடிந்ததா என்று காத்திருக்கிறேன்.