கை தூக்கியது சோற்றுப் பொட்டலத்துக்கு

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், இன்னும் குடியிருக்கிறோம். வீடுகளைக் காலி செய்வது பற்றிப் பேசக் கம்பத்துத் தலைவர், அதாவது எங்கள் கிராமத் தலைவர், கூட்டம் வைத்தார். அவருக்கு நாங்கள் ஓட்டுப் போடவில்லை, மேலிடம் நியமித்தது. மாற்று வீடு எங்கே என்று கேட்டோம், அதைப் பிறகு பார்க்கலாம் என்றார். கடைசியில், "சாப்பாட்டுப் பொட்டலம் கிடைக்காதவங்க கை தூக்குங்க" என்றார். தூக்கினோம். படம் எடுத்தார்கள்.

மறுநாள் நாளிதழில் அந்தப் படம், 'வெளியேற மக்கள் ஒருமனதாகச் சம்மதம்' என்ற தலைப்போடு. முன்வரிசையில் நான்.

கூட்டத்துக்கு வராத பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே மறித்தார்.

"யாரக் கேட்டு கை தூக்குன? நாங்க எங்க போறது?"

"சோத்துக்குத்தான்க்கா தூக்குனேன். பேப்பர்ல வர்றது பூரா பொய்னு நீங்கதானே சொல்வீங்க?"

"பேப்பரு பொய் சொல்லும்லா. உன் கையுமா பொய் சொல்லும்?"

நாளிதழுக்குப் போன் செய்தேன். தலைவர் சொன்னதைத்தான் போட்டோம் என்றார்கள். தலைவரிடம் போனேன். பேப்பரிலேயே வந்துவிட்டதே என்றார். பிறகு வந்த காலி செய்யும் கடிதத்தோடு அந்தச் செய்தியையும் இணைத்திருந்தார்கள்.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. ஐந்து மாதம் தள்ளிப்போட்டு, இப்போது எழுதுகிறேன்: நான் சம்மதிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, 17 ஆகஸ்ட் 2025