முத்தட்டும் என்று சொன்னோம்

எங்கள் அப்பாவை வழியனுப்பி ஓராண்டாகிறது. இன்று வந்திருந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியுள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகளின் வணக்கம்.

அப்பா பாப்பாரப்பட்டிக்கு அருகில் ஒரு மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, படிப்பை விட்டு, மாந்தோப்புகளில் காய் பறிக்கப் போனார். பின்னர் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்தார். எந்த மரத்தில் காய் முத்தியிருக்கிறது என்று கீழே நின்றே சொல்லிவிடுவார். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்து விற்றதில்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் என்னைப் பராமரிப்புப் பொறியாளராக்கியது அந்த மாங்காய்தான்.

சர்க்கரை நோய் வந்தபின், ஆண்டுதோறும் கண்ணைச் சோதிக்கும்படி மருத்துவர் சொன்னார். அப்பா போகவில்லை. வீட்டில் சொல்லப்பட்ட காரணங்களை நான் மறக்கவில்லை: காய் இறக்கும் நேரம், பஸ்ஸில் கூட்டம், கண்தான் நன்றாகத் தெரிகிறதே. இவற்றுக்கெல்லாம் மேலான காரணத்தை, அப்பா செய்தித்தாளைத் தள்ளிப் பிடித்துப் படிப்பதைப் பார்த்த பெரிய மாமா சொன்னார்.

“பேப்பர் படிச்சு கலெக்டராவப் போறீங்களா மச்சான்? புரை இன்னும் முத்தல. முத்தட்டும், ஒரே தடவையா எடுத்துக்கலாம்.”

“இது புரை இல்லீங்க மாமா. சர்க்கரையால கண்ணுக்குள்ள ரத்தக் குழாய் கெடுது. நல்லா தெரியறப்பவே பாக்கணும்.”

“மெஷினுக்குப் படிச்ச புள்ள, கண்ணுக்கும் படிச்சிட்டியா?”

எல்லாரும் சிரித்தார்கள். “முத்தட்டும் கண்ணு” என்று அப்பாவும் சிரித்தார். வாழ்நாள் முழுவதும் காய்க்குச் சொன்ன சொல். அவர் நம்பியதில் வியப்பில்லை.

ஆம், நான் இயந்திரத்துக்குத்தான் படித்தேன். நன்றாக ஓடும் இயந்திரத்தை நிறுத்திச் சோதிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

என் வற்புறுத்தலுக்காக ஒரு முறை தருமபுரிக் கண் மருத்துவமனைக்குப் போனார். அன்று உறவில் புதுமனை புகுவிழா. இரண்டு வேன் நிறைய ஆட்கள் அங்கே போனார்கள். எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அப்பா தனியாகத்தான் போனார்.

“சொட்டு விட்டா கொஞ்ச நேரம் மங்கலாத்தான் தெரியும். கூட ஆளில்லாம எப்படிங்க வூட்டுக்குப் போவீங்க? இன்னொரு நாள் வாங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாள் குறித்துக் கொடுத்தபோதே இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “மங்கலா தெரியறதுக்கா அவ்ளோ தூரம் போவாங்க?” என்று கேலி பேசிய அப்பா, பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

அடுத்த காய்ப்பில், மரத்தடியில் நின்றபோது, இடது கண்ணில் கறுப்பாக ஏதோ இறங்கியது.

“புரையே இல்லீங்களே. உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. முன்னாடியே வந்திருக்கலாமே” என்றார் மருத்துவர். அந்தக் கண்ணின் பார்வை திரும்பவே இல்லை.

பின்னர் சிறுநீரகமும் கெட்டு அப்பா படுக்கையில் விழுந்தார். அப்போது அதே இரண்டு வேன் உறவும் ஆப்பிளோடு வந்தது. படுத்தவரைப் பார்க்க வரும் நமக்கு, நடமாடுகிறவரோடு மருத்துவமனையில் அரை நாள் உட்கார ஏன் முடியவில்லை? இதையெல்லாம் மலரில் எழுதலாமா என்று அம்மா கேட்டார். வேறெங்கே எழுதுவது? நீங்கள் எல்லாரும் இங்குதான் இருக்கிறீர்கள்.

பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்கு எங்கள் நன்றி. மற்றக் கண்ணைக் காக்க நடந்த லேசர் சிகிச்சைக்கு ஒவ்வொரு முறையும் அப்பாவைத் தன் மொபெட்டில் ஏற்றிச் சென்று, கூடவே இருந்து அழைத்து வந்தவர் அவர். வலது கண்ணின் பார்வை அவரால் மிஞ்சியது. கடைசிவரை எங்கள் முகங்களை அப்பா பார்த்தது அந்தக் கண்ணால்தான்.

பெரிய மாமாவுக்கும் சர்க்கரை இருக்கிறது. அவருக்குக் கண் சோதனைக்கு நாள் குறித்தாகிவிட்டது. துணைக்கு நான் போகிறேன். முத்தட்டும் என்பதை இனி மாங்காய்க்கு மட்டும் சொல்லுங்கள், மாமா.