குக்கோ இழுத்துவந்த வண்டிகள்

எங்கள் சிசெரோவில் குக்கோவைத் திட்டாதவர்கள் என்று பார்த்தால், கார் வாங்க வக்கில்லாதவர்களும் இன்னும் பிறக்காதவர்களும்தான். அவன் தொழில் அப்படி. நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திய காரைத் தன் மஞ்சள் டோயிங் லாரியின் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவான். பனிக்காலத்தில் அரக்கப்பரக்க வேலைக்குக் கிளம்புகிறவன், கார் நின்ற இடத்தில் வெறும் தரையைப் பார்த்தால் வாயில் என்ன வருமோ அதையெல்லாம் அவன் கேட்டிருக்கிறான். எல்லைக்குத் தெற்கே, சொந்த மண்ணான மிச்சொவாக்கானில் நிம்மதியாகப் புதைந்து கிடக்கிற அவன் அம்மாவை இந்த ஊர் ஒருநாளும் தூங்க விட்டதில்லை.

இழுத்துவந்த கார்களை நிறுத்துகிற அவன் யார்டுக்கும் என் டயர் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் இல்லாத நேரத்தில் வருகிறவர்கள் என்னைத் திட்டிவிட்டுப் போவார்கள். நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை, இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுப்பேன். என் பெயர் சாயோ. டெக்சாஸில் பிறந்தவள். அவன் என்னை "தோன்யா" என்று மரியாதையாகக் கூப்பிடுவான், நான் அவனை டா போட்டுத்தான் பேசுவேன். கடைக்கு முதலில் வந்தபோது அவன் தலையில் முழுசாக முடி இருந்தது.

அவனுடைய முழுப்பெயர் ரெஃபுஹியோ அர்ரியாகா. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரனுக்குக்கூடத் தெரியாது. மனைவி இந்த நாட்டுப் பெண், அவள் மூலமாகக் குடியுரிமை கிடைத்தது. அவள் புற்றுநோயில் போய்ச் சேர்ந்த பிறகு மகள் யாதிராவை ஒற்றை ஆளாக வளர்த்தான். ஒற்றை ஆள் என்றும் சொல்ல முடியாது. கூட ஃபிடென்சியோ இருந்தார்.

இருவரும் ஒரே ஊர், ஒரே தெரு. ஒரே பஸ்ஸில் வடக்கே கிளம்பி வந்தவர்கள். வாடா போடா என்று பழகிக்கொண்டிருந்தார்கள். யாதிராவுக்கு ஃபிடென்சியோ ஞானத்தகப்பனாக நின்றாரோ இல்லையோ, அன்றிலிருந்து அந்த வாடா போடா போயிற்று. எங்கள் வழக்கம் அது. குழந்தையைப் பெற்றவனும் அதன் ஞானத்தகப்பனும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே ஆகிவிடுவார்கள், அவர்கள் மனைவிமார் கொமாத்ரே. பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, வாங்க போங்க என்றுதான் பேச வேண்டும், சண்டை போடவே கூடாது. கூடப் பிறந்தவனோடு நிலத்துக்காகக் கோர்ட்டுக்குப் போகலாம், கொம்பாத்ரேயோடு போக முடியாது. யாதிராவின் பள்ளிக்கூடச் செருப்பிலிருந்து கல்யாணம் மாதிரி நடத்துகிற பதினைந்தாவது பிறந்தநாள் விருந்து வரை ஃபிடென்சியோவின் கை இல்லாமல் எதுவும் நடக்கவில்லை. பணக்காரர் வீட்டுத் தோட்டங்களில் புல் வெட்டி, இலை கூட்டிச் சம்பாதித்தவர். அவருக்குக் குடியுரிமைக் காகிதம் எதுவும் கிடையாது, அவர் மனைவி மக்லோவியாவுக்கும் கிடையாது.

போன இலையுதிர் காலத்தில் காகிதமில்லாதவர்களைப் பிடிக்கிற அந்தக் குடியேற்றத் துறை எங்கள் ஊரில் இறங்கியது. நாட்டைக் காப்பதற்கென்றே ஏற்பட்ட துறையாம். எங்கள் வாயில் அது எப்போதும் மிக்ராதான். முகமூடி, கறுப்புக் கண்ணாடி, நம்பர் தெரியாத கார். கொள்ளைக்காரனுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் இடுப்பில் தொங்கும் வில்லையைத் தேட வேண்டும். டிவியில் கோட்டுப் போட்ட ஒருவர், கொடிய குற்றவாளிகளை மட்டும்தான் பிடிக்கிறோம் என்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் இன்னொரு கோட்டு இல்லை என்பார். நீதிபதி ஒருவர் கூடாது என்பார், மேலே இருக்கிற நீதிபதி பரவாயில்லை என்பார். அவர்கள் பேசி முடிப்பதற்குள் எங்கள் தெருவில் தமாலே விற்கிற அம்மாவைத் தூக்கி வண்டியில் போட்டுவிட்டார்கள். அந்த அம்மாள் செய்த ஒரே கொடுமை, மிளகாயைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டதுதான்.

முக்கால்வாசிப் பேரைக் காரில் போகும்போதுதான் மறித்துப் பிடித்தார்கள். ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள், கார் நடுத்தெருவில் கிடக்கும். கதவு திறந்திருக்கும், ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். குக்கோ முதலில் அப்படி ஒரு காரைத் தொழிலுக்காகத்தான் இழுத்து வந்தான். யார்டில் கொண்டுவந்து விட்டபோது சீட்டுக்கு அடியில் ஒரு போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால், திரையில் "வீடு" என்று இருந்தது. அதற்குப் பிறகு அந்த மாதிரிக் கார்களை அவன் யார்டுக்குக் கொண்டுவரவே இல்லை, நேராக வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டான். காசும் வாங்கவில்லை.

அப்புறம் ஊரே தலைகீழாகிவிட்டது. முன்பெல்லாம் மஞ்சள் லாரி காரை எடுத்துக்கொண்டு போனால் அழுவார்கள். இப்போது அது காரைக் கொண்டுவந்தால் அழுதார்கள். லாரி தெருவுக்குள் திரும்பினாலே பெண்கள் வாசலுக்கு வந்து, பின்னால் தொங்குவது யாருடைய வண்டி என்று பார்ப்பார்கள். தன் வீட்டு வண்டி இல்லையென்றால் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். குக்கோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலைங்க" என்பான். அதைவிட அசட்டுத்தனமான பேச்சு உலகத்தில் கிடையாது. அவனுக்கும் அது தெரியும், ஆனால் வேறென்ன சொல்வது?

இலை உதிர்ந்து முடிகிற சமயம், ஒரு காலையில் மேற்கே பெரிய வீடுகள் இருக்கிற பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் போன் செய்தாள். தன் வீட்டு முன்னால் தோட்டக்காரரின் பிக்கப் வண்டி நிற்கிறது, ஆளை இழுத்துப் போய்விட்டார்கள், ஒரு டயர் வெடித்திருக்கிறது என்றாள். டயர் என்பதால் நானும் குக்கோவோடு கிளம்பினேன். தூரத்தில் வரும்போதே அவன் லாரியை மெதுவாக்கினான். பிக்கப்பின் பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த குவாதலூப்பே மாதாவை நானும் பார்த்தேன். நடைபாதையில் பாதி கூட்டிய இலைக் குவியல், அதன்மேல் இலை ஊதும் மெஷின் கவிழ்ந்து கிடந்தது.

"கொம்பாத்ரே வண்டி," என்றான்.

நான் டயரைப் பார்க்கக் குனிந்தேன். அவன் உள்ளே ஏறி, சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன ஐஸ் பெட்டியை எடுத்தான். திறந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். இன்சுலின் ஊசிகள். ஃபிடென்சியோவுக்குச் சர்க்கரை ரொம்ப வருஷமாக உண்டு. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் ஊசி போட்டே ஆக வேண்டும். போன வருஷம் ஊசி தீர்ந்துபோய் ஒரு நாள் தள்ளிப்போட்டவர், கோயிலில் முட்டிபோட்ட இடத்திலேயே விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்.

பிக்கப்பை அவர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனபோது மக்லோவியா வாசலில் நின்றிருந்தாள். வண்டியைப் பார்த்தாள், குக்கோவைப் பார்த்தாள்.

"வண்டிக்கு ஒண்ணும்..." என்று ஆரம்பித்தான்.

"வண்டி கெடக்கட்டும் கொம்பாத்ரே. ஊசி கையில எடுத்துட்டுப் போனாரா?"

அவன் பெட்டியைக் காட்டினான். அவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து உள்ளே ஓடிக் கோட்டை எடுத்துவந்தாள். "எங்க வச்சிருக்காங்க? நான் கொண்டுபோறேன்."

"நீங்க போனா உங்களையும் உள்ள வச்சுப் பூட்டிடுவானுங்க, கொமாத்ரே. பிள்ளைங்கள யாரு பாக்குறது? என்கிட்ட காகிதம் இருக்கு. நான் குடுத்துட்டு வந்துடறேன்."

"மத்தியான சாப்பாட்டுக்குள்ள குடுத்துடுவீங்களா?"

"குடுத்துடுவேன்," என்றான்.

பிடித்தவர்களைக் கொண்டுவந்து வைக்கிற கட்டடம் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், குடோன்களுக்கு நடுவே இருக்கிறது. வேலிக்கு வெளியே நாலு பேர் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்டில் நின்றவனுக்குக் கண் மட்டும் தெரிந்தது. வாயைத் திறந்தால் எங்கள் வீட்டு ஸ்பானிஷ். அதைக் கேட்டுக் குக்கோவுக்குத் தெம்பு வந்தது. எனக்கு வயிறுதான் எரிந்தது.

"யாரையும் பாக்க வேணாம் சார். மருந்து மட்டும் குடுக்கணும். ஃபிடென்சியோ ஒல்வேரான்னு, காலைல கூட்டிட்டு வந்தாங்க. சர்க்கரைக்காரரு. இது இல்லேன்னா விழுந்துடுவாரு."

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"கொம்பாத்ரே."

முகமூடிக்குள் அவன் சிரித்தது கண்ணில் தெரிந்தது. "எங்க பாட்டிகூட அப்படித்தான் ஊர் பூரா கொம்பாத்ரேம்பாங்க. அதெல்லாம் இங்க செல்லாதுங்க. கூடப் பொறந்தவங்க, பெத்தவங்க, பொண்டாட்டி. அவங்க வந்தாதான் வாங்கி டாக்டர்கிட்ட அனுப்புவோம்."

"அவரு என் அண்ணன்," என்றான் குக்கோ.

கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னான். அவனைப் பொறுத்தவரை அது பொய்யே இல்லை. எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் அண்ணனைவிட ஒரு படி மேலே என்றுதான் சொல்வார்கள். காவல்காரன் அவனுடைய லைசென்ஸை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

"ஏண்டா, அவருகிட்டயே போய்க் கேட்டுட்டான்னா?"

"கேக்கட்டும் தோன்யா. என் பேரக் கேட்டதும் புரிஞ்சுக்குவாரு. நான் வந்திருக்கேன்னு தெரிஞ்சாலே அவருக்குப் பாதி தெம்பு வந்துடும்."

காவல்காரன் திரும்பி வந்தபோது கண்ணில் அந்தச் சிரிப்பு இல்லை. "அவருக்கு அண்ணன் தம்பியே கெடையாதாம். ரெஃபுஹியோ அர்ரியாகாவா, அப்படி ஒரு ஆளயே தெரியாதுங்கறாரு. ரெண்டு தடவ கேட்டாச்சு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த மூன்று மாதமாக ரேடியோவில், துணி துவைக்கிற கடைச் சுவரில், பூசை முடிந்ததும் பாதிரியார் வாயில், எல்லா இடத்திலும் ஒரே பாடம்தான்: பிடிபட்டால் யார் பெயரையும் சொல்லாதே, யாரைக் கேட்டாலும் தெரியாது என்று சொல். ஃபிடென்சியோ பாடத்தை ஒழுங்காகப் படித்த மாணவர். மிக்ராக்காரன் ஒருவன் கொம்பாத்ரேயின் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் வேறென்ன நினைப்பார்? குக்கோவையும் பிடிக்கத் தேடுகிறார்கள் என்றுதான்.

"சார், அவரு என்னக் காப்பாத்தறதா நெனச்சு அப்படிச் சொல்றாரு. நான் வந்திருக்கேன், மருந்து கொண்டுவந்திருக்கேன்னு மட்டும் போய்ச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவ."

"அதிகாரிகிட்ட பொய் சொல்றது குத்தம், தெரியும்ல? கேஸ் போடாம விடறேன், கௌம்புங்க. இனிமே இந்தக் கேட்டுப் பக்கம் வரக்கூடாது."

"அப்ப மருந்து?"

"அதையும் எடுத்துட்டுப் போங்க."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "ஏண்டா, ஒன்ன வளத்த பாட்டிக்குச் சர்க்கரை இருந்ததில்லையாடா? எடுத்துட்டுப் போன்னு சொல்ல வாய் வருதா?" என்று கத்தினேன். "அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க பெரியம்மா," என்றான். தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைக் காட்டினான். நான் போய் நின்றேன். வேறென்ன செய்ய முடிந்தது? ஜெபமாலைக்காரர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவர்கள்மேலும் எரிச்சல் வந்தது.

குக்கோ லாரியில் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, போன் மேல் போனாகப் போட்டான். ஒரு நம்பரில் பாட்டு வந்தது. இன்னொன்றில் வேறு நம்பரைச் சொன்னார்கள், அந்த வேறு நம்பரில் அதே பாட்டு. கோயிலில் உதவி செய்கிற வக்கீல் பெண் நல்லவள், ஆனால் அவள் கையில் எங்களைப் போல எத்தனையோ பேர். அவள் விசாரித்துச் சொல்வதற்குள் ஃபிடென்சியோவை விமானத்தில் ஏற்றித் தெற்கே எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். எங்கே என்று கம்ப்யூட்டரில் பார்த்தால் "தகவல் இல்லை" என்றது. அன்று கேட்டிலிருந்து திரும்பியதும் மக்லோவியாவின் முன்னால் போய் நிற்க அவனுக்குத் தைரியமில்லை. என்னைத்தான் பெட்டியோடு வீட்டுக்குள் அனுப்பினான். கேட்டில் நடந்ததை அவளிடம் முழுசாகச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லையே.

அண்ணன் என்று சொல்லாமல் உண்மையிலேயே நின்றிருந்தாலும் மருந்தை வாங்கியிருக்க மாட்டார்கள். அதை அவனுக்கு எத்தனையோ விதமாக எடுத்துச் சொன்னேன். "ஆமா தோன்யா," என்பான். கேட்ட மாதிரி இருக்காது. யாருடைய கார் எங்கே கிடந்தாலும் போய் எடுத்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் வீட்டுக்காரர்களிடம் "வண்டிக்கு ஒண்ணும் ஆகல" என்று சொல்வதை நிறுத்திவிட்டான். சாவியைக் கையில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவான்.

பனி விழ ஆரம்பித்த பிறகு ஒரு மத்தியானம், என் கடையில் அவன் லாரியின் சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. சிறையிலிருந்து வருகிற அழைப்பு, எடுக்கிறீர்களா என்று ஒரு மெஷின் கேட்டது. அவன் கை பூராவும் கிரீஸ். நான்தான் அவன் போனை எடுத்து அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டு அவன் முன்னால் பிடித்தேன்.

"கொம்பாத்ரே? நான்தான். மக்லோவியா எடுக்கல, வேலைல இருப்பா போல. எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச இன்னொரு நம்பர் உங்களுதுதான்." குரல் மெலிந்திருந்தது. ஆனால் ஃபிடென்சியோதான்.

"எப்படி இருக்கீங்க கொம்பாத்ரே? மருந்து குடுக்கறாங்களா?"

"இப்பக் குடுக்கறாங்க. மொதல்ல வச்சிருந்த எடத்துல கேட்டப்ப, நாளைக்கு டாக்டர் வருவாருன்னாங்க. மறுநாள் பாத்தா என்னயத் தூக்கி பிளேன்ல போட்டுட்டாங்க. எறங்குனது நெனவில்ல, ஆஸ்பத்திரில கண்ணத் தொறந்தேன். தொறந்தேங்கறது சும்மா பேச்சுக்கு. ஒரு கண்ணு சுத்தமா தெரியல, இன்னொண்ணுல வெளிச்சம் மட்டும் தெரியுது. இந்த நம்பர்கூட பக்கத்துல இருக்கற ஹோண்டுராஸ் பையன்தான் அமுக்கிக் குடுத்தான். யாதிரா நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா." குக்கோ ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"கொம்பாத்ரே, ஒண்ணு கேக்கணும். அதுக்காகவும்தான் உங்களக் கூப்பிட்டேன்." ஃபிடென்சியோ குரலைத் தாழ்த்தினார். "பிடிச்ச அன்னிக்கே உங்க பேரச் சொல்லி விசாரிச்சானுங்க. எப்படித்தான் கெடச்சுதோ. ரெண்டு தடவ கேட்டானுங்க. யாருன்னே தெரியாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். அன்னைலருந்து இதே யோசனதான். உங்க வீட்டுப் பக்கம் யாரும் வரலியே?"

குக்கோ என்னைப் பார்த்தான். சொல்லாதடா என்று தலையை ஆட்டினேன். அவன் கிரீஸ் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"யாரும் வரல கொம்பாத்ரே."

"அப்பாடா. அப்ப நான் சொன்னது சரிதான?"

"சரிதான் கொம்பாத்ரே. நீங்கதான் என்னக் காப்பாத்துனீங்க."

அந்தப் பக்கம் ஃபிடென்சியோ சந்தோஷமாகச் சிரித்தார்.